இன்னும் ஒரே ஒரு டர்ன்

கேள்வி: எனக்கு வயது 34, வங்கியில் பணிபுரிகிறேன். ஓராண்டாகக் கணினியில், ஒரு நாகரிகத்தைத் தொடக்கத்திலிருந்து கட்டி வளர்க்கும் ‘சிவிலைசேஷன் 6’ விளையாடி வருகிறேன். பிள்ளைகள் உறங்கிய பின் பத்து மணிக்கு உட்கார்ந்தால், ‘இன்னும் ஒரே ஒரு டர்ன்’ (சுற்று) என்று சொல்லிச் சொல்லியே அதிகாலை மூன்று மணியாகிவிடுகிறது. வாரத்தில் இரண்டு நாளாவது இப்படித்தான். என் மனைவி இதைக் குடிப்பழக்கத்தோடு ஒப்பிடுகிறார். இது நோயா? விளையாட்டையே கணினியிலிருந்து நீக்கிவிட வேண்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் அதே ‘ஒரே ஒரு டர்ன்’ என்ற சொற்களைத்தான் இந்த விளையாட்டை ஆடுபவர்கள் உலகெங்கும் சொல்கிறார்கள். வெற்றி பெற்று ஆட்டம் முடிந்த பிறகும் தொடர்ந்து ஆட அழைக்கும் பொத்தானுக்கு, இதை உருவாக்கியவர்களே அந்தப் பெயரைத்தான் சூட்டியிருக்கிறார்கள். ஆகவே மனவுறுதி இல்லாதவன் என்று உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். எதனோடு மல்லுக்கட்டுகிறோம் என்பதை முதலில் பாருங்கள்.

அமெரிக்காவின் மைக்ரோப்ரோஸ் நிறுவனத்தில் சிட் மையரும் புரூஸ் ஷெல்லியும் சேர்ந்து வடிவமைத்த முதல் சிவிலைசேஷன் 1991-இல் வெளிவந்தது. தொடக்க முயற்சியில் காலம் தானாகவே ஓடிக்கொண்டிருந்தது; ஆடுபவர் வெறுமனே வேடிக்கை பார்க்க நேர்ந்ததால், நீங்கள் நகர்த்தினால் மட்டுமே காலம் நகரும்படி அதை மாற்றினார் மையர். அந்த மாற்றத்தில்தான் இதன் ஈர்ப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து. கி.மு. 4000-இல் கையில் ஒரு குடியேற்றக் குழுவோடு தொடங்குகிறீர்கள். சிறிது நேரத்தில், தானியக் களஞ்சியம் முடிய இரண்டு சுற்று, எழுத்தைக் கண்டறிய நான்கு, அனுப்பிய குடியேறிகள் ஆற்றங்கரையை அடைய மூன்று, பிரமிடு எழும்ப ஒன்பது என்று ஒன்றுக்கொன்று பொருந்தாத கணக்குகள் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்குகின்றன. களஞ்சியம் முடிந்ததும் உறங்கலாம் என்று நினைக்கிறீர்கள். அது முடியும்போது குடியேறிகள் ஆற்றங்கரைக்கு ஒரே ஒரு கட்டம் தள்ளி நிற்கிறார்கள். அவர்கள் ஊரை நிறுவியதும் எழுத்து கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. கயிறு திரிப்பவர் ஒரு நார் தீரும் முன்பே அடுத்த நாரைச் சேர்ப்பதைப் போல, எந்த இடத்திலும் அறுபடாதவாறு இது திரிக்கப்பட்டிருக்கிறது.

எனவே ‘இதை முடித்துவிட்டு எழுகிறேன்’ என்ற தீர்மானம் இங்கே செல்லாது. முடியும் இடம் என்று ஒன்று இருந்தால்தானே எழ முடியும்? ஒரு வேலை பாதியில் நிற்கும்போதே எழுந்துவிடப் பழகுங்கள். நான் கடைப்பிடிக்கும் வழி எளிது: பதினொன்றே காலுக்கு அலாரம் ஒலித்ததும் ஆட்டத்தைச் சேமித்துவிட்டு, ‘வடக்கு எல்லைக்கு வில்லாளிகள், அடுத்து நீர்ப்பாசனம்’ என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி விசைப்பலகையின் மேல் வைத்துவிடுவேன். மறந்துவிடுவோமோ என்ற தவிப்புதான் பாதி உறக்கத்தைக் கெடுக்கிறது. தாளில் இறக்கிவைத்தால் அது அடங்கிவிடுகிறது. அலாரத்தைக் கைப்பேசியில் வைத்து, அதை அடுத்த அறையில் விட்டுவிடுங்கள். அணைப்பதற்காகவேனும் எழுந்தாக வேண்டும்.

நோயா என்று கேட்டீர்கள். விளையாட்டுக் கோளாறு என்பதை உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் சேர்த்திருக்கிறது. 2022 ஜனவரியிலிருந்து அது நடைமுறையில் உள்ளது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாமை, பிற வேலைகள் அனைத்துக்கும் மேலாக அதையே முன்னிறுத்துதல், கேடு நேர்ந்த பிறகும் தொடர்தல் ஆகியவை குடும்பத்தையும் வேலையையும் கடுமையாகப் பாதிக்கும் அளவுக்குப் பொதுவாக ஓராண்டுக் காலமாவது நீடித்தால்தான் அந்தப் பெயரைச் சொல்வார்கள். கடிதத்தை மட்டும் படித்துவிட்டு அதை நான் தீர்மானிக்க முடியாது. மேலே சொன்னதை ஒரு மாதம் செய்து பார்த்தும் மூன்று மணி விழிப்பு தொடர்ந்தால், தயங்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். நீக்குவதை இப்போது ஒத்திவையுங்கள். ஆனால் மறுநாள் வங்கியில் கண் எரிய உட்கார்ந்திருப்பதை உங்கள் மனைவி கவலையோடு பார்க்கிறார். அவரிடம் இந்த ஏற்பாட்டை இன்றிரவே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என் மகன், ஒன்பதாம் வகுப்பு, கைப்பேசியில் ‘கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்’ ஆடுகிறான். அதுவும் இதே போன்றதுதானா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: இல்லை அம்மா, ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. சிவிலைசேஷனில் தனியாக ஆடினால், நீங்கள் உறங்கும்போது அந்த உலகமும் உறைந்து நிற்கும். பின்லாந்தின் சூப்பர்செல் 2012-இல் வெளியிட்ட இந்த விளையாட்டில், பாதுகாப்புக் கவசம் இல்லாத நேரத்தில் மகன் பள்ளியில் இருந்தாலும் வேறொருவர் அவன் ஊரைத் தாக்கிப் பொன்னைக் கொள்ளையடிக்கலாம். கட்டடங்களை மேம்படுத்த நாட்கணக்கில் ஆகும். காத்திருக்க மனமில்லாதவர்கள், அந்த வேலையை விரைந்து முடித்துத் தரும் ரத்தினக் கற்களை உண்மைப் பணம் கொடுத்து வாங்கலாம். அதனால் முதல் வேலையாக, செயலிக் கடையில் ஒவ்வொரு கொள்முதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துவிடுங்கள். அந்தச் சொல் உங்களிடம் மட்டும் இருக்கட்டும். அடுத்ததாக, அந்த விளையாட்டின் அறிவிப்புகளை நிறுத்திவிடுங்கள். அவன் எந்தக் கிளானில் (சேர்ந்து ஆடும் குழுவில்) இருக்கிறான், கிளான் போர் எப்போது என்பதையும் அவனிடமே அன்பாகக் கேளுங்கள்; தேர்வுக்கு முந்தைய நாள் போர் வந்தால் இம்முறை தான் வரவில்லை என்று குழுவினரிடம் முன்கூட்டியே சொல்லிவிட அவனால் முடியும்.