வெள்ளம் வருமுன் ஊரை வரைவது: கேள்வி பதில்

ஊர்மக்களே தங்கள் ஊரை வரைந்து வெள்ளம், புயல், வறட்சிக்கு முன்கூட்டியே தயாராவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

செயற்கைக்கோள் படம்தான் இருக்கிறதே, நாங்கள் வேறு எதற்கு வரைய வேண்டும்?

படத்தில் கூரை தெரியும். அதன் அடியில் எழுந்து நடக்க முடியாத ஒருவர் படுத்திருப்பது தெரியாது. எந்தத் தரைப்பாலம் முதலில் மூழ்கும் என்பதும் தெரியாது. 2010 ஹைட்டி நிலநடுக்கத்தின்போது உலகெங்கும் இருந்து தன்னார்வலர்கள் படங்களைப் பார்த்து, யாரும் சேர்க்கவும் திருத்தவும் கூடிய இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சில நாட்களிலேயே தெருக்களை வரைந்து கொடுத்தார்கள். மீட்புக் குழுக்களுக்கு அது பெரிய உதவி. ஆனால், பேரிடர் வந்த பிறகு நடந்த வேலை அது. முன்பே வரைந்து வைக்கத்தான் 2014இல் மிஸ்ஸிங் மேப்ஸ் என்ற தன்னார்வலர் திட்டம் தொடங்கியது. அதிலும் கோடுகளைத்தான் தொலைவிலிருந்து போட முடிகிறது. பெயரும் விவரமும் ஊர்க்காரர்கள் சேர்க்க வேண்டியவை.

எங்களிடம் கணினி இல்லை. எப்படித் தொடங்குவது?

தரையில் சாக்பீஸால் தொடங்குங்கள். பெரியவர்கள், பெண்கள், பிள்ளைகள் என எல்லாரும் சுற்றி நின்று திருத்தட்டும். அப்புறம் அதே பாதையில் ஒன்றாக நடங்கள். அப்படி ஒரு நடையில், பாட்டி ஒருவர் தன் வீட்டுச் சுவரில் இடுப்புக்கு மேலே கை வைத்து, "இது வரைக்கும் வந்துச்சு, பின்பக்கமாத்தான் நுழைஞ்சுச்சு" என்றார். நாங்களோ ஆற்றுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் வந்தது தூர்ந்துபோன வாய்க்கால் வழியாக! அந்த உயரத்தை டேப் பிடித்து அளந்து, எந்த வருட வெள்ளம் என்று கேட்டு எழுதிக்கொண்டோம். இப்படி பத்து வீட்டுச் சுவர்களை அளந்தாலே தண்ணீரின் பாதை கண்முன் வந்துவிடும்.

கைபேசி ஜிபிஎஸ்ஸை நம்பலாமா?

திறந்தவெளியில் சுமார் 5 மீட்டர் முன்பின் இருக்கும். வீடு, கிணறு குறிக்க அது போதும். தரையின் ஏற்ற இறக்கத்துக்கு மட்டும் நம்பாதீர்கள். வெள்ளத்தில் அரை மீட்டர் வித்தியாசமே வீட்டுக்குள் தண்ணீர் வருமா வராதா என்பதை முடிவு செய்துவிடும். கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் டியூப் இதற்கு எவ்வளவோ மேல்.

எங்களுக்கு வறட்சிதான் பிரச்சினை.

சரி, அப்படியானால் ஒவ்வொரு கிணற்றுக்கும் பக்கத்தில் அது எந்த மாதம் வற்றுகிறது என்று எழுதுங்கள். கடைசியாக வற்றும் கிணறு எது, அதற்கு வழி யார் நிலத்துக்குள் போகிறது என்பதுதான் முக்கியம்.

முதியவர்கள், நோயாளிகள் வீட்டை வரைபடத்தில் காட்டலாமா?

பொது வரைபடத்தில் கூடவே கூடாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அழித்தாலும் பழைய பதிவு அதன் திருத்த வரலாற்றில் தங்கிவிடும். அதில் சாலை, கட்டிடம், கிணறு, மேடான இடம் மட்டும் போதும். ஆட்களின் விவரத்தை அவர்களிடம் சம்மதம் கேட்டு, தனி நோட்டில் எழுதி, ஊர் நம்பும் இரண்டு பேரிடம் கொடுத்து வையுங்கள்.

வரைந்து முடித்துவிட்டோம். அடுத்து?

பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டுங்கள். புயலில் மின்சாரமும் டவரும் போய்விட்டால் கையில் இருப்பது காகிதம்தான். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை, இருட்டில், ஒருவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு புகலிடத்துக்குப் போகும் பாதையில் நடந்து பாருங்கள். கட்டில் திரும்பாத சந்து எது என்று அன்றைக்குத்தான் தெரியும். வரைபடத்தை உடனே திருத்துங்கள். பள்ளிக்கூடத்தைப் புகலிடமாகக் குறித்திருந்தால், அதன் சாவி இரவில் யாரிடம் இருக்கும் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.