எல்.இ.டி டிவியில் வாத்து ஏன் விழவில்லை?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

பரணைச் சுத்தம் பண்ணும்போது பழைய டிவி கேம் பெட்டியும் அதோட வந்த துப்பாக்கியும் கிடைச்சுது. பெட்டி ஓடுது. ஆனா வாத்து சுடுத ஆட்டத்தைப் போட்டா எங்க வீட்டு 32 இன்ச் எல்.இ.டி டிவியில ஒரு வாத்துகூட விழல. துப்பாக்கி கெட்டுப்போச்சா? லேப்டாப்புல நடமாடுத பிணங்களைச் சுடுத ‘ஹவுஸ் ஆஃப் த டெட் ரீமேக்’ ஆட்டம் இருக்கு. படம் அருமை, ஆனா மவுசுல ஆடினா சப்புன்னு இருக்கு. திருவிழாவில பலூன் சுடுத மாதிரி துப்பாக்கியக் கையில பிடிச்சு நின்னு ஆடணும். என்ன வாங்கணும், எப்படிச் செய்யணும்? சால்டரிங் ஓரளவு வரும்.

— வாசகர், அம்பாசமுத்திரம்

அன்புள்ள தம்பி,

துப்பாக்கி நன்றாகத்தான் இருக்கும். மாறிப்போனது டிவி.

அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே பாய்வதில்லை. குழலுக்குள் ஒரு ஒளி உணரி இருக்கிறது, அவ்வளவுதான். 1984இல் வந்த ‘டக் ஹன்ட்’டில் விசையை அழுத்தியதும் திரை ஒரு நொடித்துளி கறுத்து, அடுத்த ஃபிரேமில் வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். உணரிக்கு அந்த நேரத்தில் வெளிச்சம் கிடைத்தால் வாத்து விழும். எல்.இ.டி டிவியோ படத்தை வாங்கி, பெரிதாக்கி, மெருகேற்றி, சற்றுத் தாமதித்தே காட்டுகிறது. வெள்ளைக் கட்டம் தெரிவதற்குள் பெட்டி “படவில்லை” என்று முடிவுகட்டிவிடும். பின்னால் வந்த ‘கன்கான்’ வகைத் துப்பாக்கிகள் இன்னும் நுணுக்கமானவை. படக்குழாயில் மின்கற்றை ஒவ்வொரு வரியாக ஓடுவதை நேரம் வைத்து அளந்து இடத்தைக் கண்டுபிடிப்பவை. நம் ஊர் பழைய டிவிகளின் ‘பால்’ (PAL) ஒளிபரப்பு முறையில் ஒரு வரிக்கு 64 மைக்ரோ செகண்ட். எல்.இ.டி திரையில் அப்படி ஓடும் புள்ளியே கிடையாது.

பழைய துப்பாக்கியைச் சோதிக்க வேண்டுமென்றால் 2006க்குப் பிறகு அரசு வீடு வீடாகக் கொடுத்த 14 இன்ச் கலர் டிவி ஒன்று தெருவில் யார் வீட்டிலாவது கிடக்கும். அதில் மாட்டிப் பாருங்கள். ஓடாத பெட்டியென்றால் முதுகைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் படக்குழாயில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

இனி ரீமேக். 2022இல் போலந்தின் மெகாபிக்சல் ஸ்டுடியோ செய்தது. அறைகளும் பிணங்களும் பார்வைக்குக் குறைவில்லை. ஆனால் காசு போட்டு ஆடும் ஆர்கேடில் அந்த ஆட்டத்தின் பாதிச் சுவை, திரைக்கு வெளியே குழலைத் திருப்பிச் சுட்டுக் குண்டு நிரப்புவதில் இருந்தது. மவுசில் அது வெறும் பட்டன். நின்டெண்டோ ஸ்விட்ச் பெட்டியில் அதன் கைப்பிடியான ஜாய்கானைத் திருப்பிக் குறி பார்க்கலாம். ஆனால் அதிலுள்ள ஜைரோ என்னும் திருப்ப உணரிக்குத் தான் எவ்வளவு திரும்பினோம் என்பதுதான் தெரியும், டிவி எங்கே இருக்கிறது என்பது தெரியாது. கொஞ்ச நேரத்தில் குறி நகர்ந்துபோக, நடுவுக்குக் கொண்டுவர அடிக்கடி பட்டன் தட்ட வேண்டும். (‘ஆபரேஷன் ஊல்ஃப்’ இதில் விதிவிலக்கு. 1987இன் அந்த ஆர்கேட் பெட்டியில் துப்பாக்கியை மேடையோடு பூட்டி, ரேடியோவின் வால்யூம் திருகு போன்ற பொட்டன்ஷியோமீட்டரை வைத்துத்தான் திசையை அறிந்தார்கள். ஒளி உணரியே இல்லை. அதன் புது வடிவத்தை ஜாய்ஸ்டிக்கில் ஆடினால் பெரிய பாவமில்லை.)

ஆக, டிவி எங்கே இருக்கிறது என்பதைத் துப்பாக்கிக்கு நாம்தான் சொல்லித்தர வேண்டும். கடையில் வாங்குவதென்றால் ‘சிண்டன்’ இருக்கிறது. துப்பாக்கிக்குள் உள்ள கேமரா, படத்தைச் சுற்றி வரையும் வெள்ளைச் சட்டத்தைப் பார்த்து இடம் கணக்கிடும். எனக்கு அந்தச் சட்டம் உறுத்தல். சால்டரிங் தெரிந்தவருக்கு ஐ.ஆர் (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி) முறைதான் என் சிபாரிசு.

லேப்டாப்பை டிவியோடு இணைத்துக்கொள்ளுங்கள். டிவியின் நான்கு பக்க நடுவிலும் ஒவ்வொரு ஐ.ஆர் புள்ளி. துப்பாக்கிக்குள் நின்டெண்டோவின் வீ (Wii) கேம் பெட்டி ரிமோட்டில் இருப்பது போன்ற ஐ.ஆர் கேமரா மாட்யூல், ராஸ்பெரி பை பிக்கோ என்னும் குட்டிக் கணினிப் பலகை ஒன்று, அதை இயக்க ‘ஓப்பன்ஃபயர்’ ஃபர்ம்வேர் (உள்ளே ஏற்றும் மென்பொருள்). லேப்டாப் இதை மவுஸ் என்றே நினைத்துக்கொள்ளும். விசைக்கு ஒரு மைக்ரோ சுவிட்ச். கேமராவுக்குப் பிக்கோவின் 3.3 வோல்ட்டையே கொடுங்கள். 5 வோல்ட் கொடுத்தால் சிக்னல் கம்பி வழியாக அதுவே திரும்பிவந்து பிக்கோவின் இணைப்பு முனையைக் கருக்கிவிடலாம்.

ஒரு புள்ளிக்கு 940 நானோமீட்டர் ஐ.ஆர் எல்.இ.டி இரண்டு, தொடராக. கூடவே 56 ஓம், கால் வாட் ரெசிஸ்டர் ஒன்று. ஆக 8 எல்.இ.டி, 4 ரெசிஸ்டர். ஒவ்வொன்றிலும் சுமார் 1.35 வோல்ட் விழும். 5 வோல்ட்டில் மிச்சம் 2.3. எனவே 40 மில்லி ஆம்பியர் சொச்சம் ஓடும். நான்கு புள்ளிக்கும் சேர்த்து 165 அளவில்தான் வரும் என்பதால் டிவியின் யு.எஸ்.பி துளையே தாங்கும். மூன்றைத் தொடராகப் போட்டுச் சிக்கனம் பார்க்க வேண்டாம். ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது ஒரு வோல்ட்டுக்குள் போய்விடும், எல்.இ.டியில் சின்ன வித்தியாசம் இருந்தாலும் ஒரு புள்ளி பிரகாசமாகவும் இன்னொன்று மங்கலாகவும் எரியும். வாங்கும்போது அகலமாக ஒளி வீசும் வகையைக் கேளுங்கள். குறுகிய கற்றையென்றால் ஒரு எட்டு பக்கவாட்டில் நகர்ந்தாலே புள்ளி மறையும். எரிகிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. போனின் செல்பி கேமராவில் ஊதா நிறமாகத் தெரியும்.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது தூரத்தில். அந்த கேமராவின் பார்வை அகலம் 33 பாகை, உயரம் 23. உங்கள் டிவியின் அகலம் சுமார் 71 சென்டிமீட்டர். இடது ஓரத்தைக் குறி பார்க்கும்போதும் வலது ஓரப் புள்ளி கேமராவுக்குள் இருக்க வேண்டுமென்றால், கணக்குப்படி 2.4 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அந்த மாட்யூலின் எட்டும் தூரமே 3 மீட்டர். புள்ளி மறைந்தால் ஃபர்ம்வேர் ஊகித்து ஒப்பேற்றும், ஆனால் மூலைகளில் குறி துள்ளும். சின்ன வீட்டில் 43 இன்ச் டிவியைவிட உங்கள் 32 இன்ச்தான் இதற்கு வசதி.

டிவியில் கேம் மோடு போட்டுவிடுங்கள். படத்தின் ஓரத்தை வெட்டாமல் முழுசாகக் காட்டும் அளவையும் தேர்ந்தெடுங்கள். ஓரம் வெட்டுப்பட்டால் நடுவில் சரியாகப் பட்டு விளிம்பில் விலகும். அதற்குப் பிறகுதான் காலிபரேஷன், அதாவது குறியைத் திரையோடு பொருத்துவது. திரைக்கு வெளியே சுட்டால் எந்தப் பட்டனாகக் கொள்ள வேண்டும் என்று ஃபர்ம்வேரில் சொல்லலாம். அதை ரீலோடு பட்டனாக வைத்தால் பழைய சுவை திரும்பும். குறி சரியாக உட்கார்ந்ததும் குறிவட்டத்தை அணைக்க வழி இருந்தால் அணைத்துவிடுங்கள்.

இரண்டு பேர் ஆட ஆசைப்பட்டால் கொஞ்சம் பொறுங்கள். விண்டோஸ் இரண்டு மவுசையும் ஒரே அம்பாகச் சேர்த்துவிடும். பிரித்துக்கொடுக்க ‘டெமுல்ஷூட்டர்’ போன்ற மென்பொருள் வேண்டும். அதிர்வுக்கு சொலினாய்டு (உள்ளே தண்டு இடிக்கும் மின்காந்தச் சுருள்) வைப்பதும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வைத்தால் தனி அடாப்டர், மாஸ்ஃபெட் (மின்னணு சுவிட்ச்), சொலினாய்டின் குறுக்கே ஒரு டயோடு மூன்றும் கட்டாயம். டயோடு இல்லையென்றால் சொலினாய்டு விடுபடும் ஒவ்வொரு முறையும் எழும் எதிர் மின்னழுத்தம் மாஸ்ஃபெட்டைத் தின்னும்.

கடைசியாக, எல்லாம் சரியாகச் செய்தும் குறி பேய் பிடித்தாற்போல் ஆடினால் ஓப்பன்ஃபயரின் சோதனைத் திரையில் புள்ளிகளைப் பாருங்கள். நாலுக்கு மேல் ஆட்கள் வந்திருப்பார்கள். மேற்கு ஜன்னல் வெயில், சாமி படத்துக்குப் போட்ட ஜீரோ வாட் பல்பு, டிவி மேசைக் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும் நம் எல்.இ.டியே. எல்லாம் கேமராவுக்குப் புள்ளிகள்தான். குத்துவிளக்குச் சுடர் இவற்றில் முதல் ஆள். வீ பெட்டிக்கு ஐ.ஆர் புள்ளிகளைத் தரும் சென்சார் பார் உடைந்தால் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றிவைத்து ஆடுவார்கள், அந்த அளவுக்கு ஐ.ஆர் அதில் உண்டு. டிவிக்குப் பக்கத்திலேயே விளக்கு மாடம் இருந்தால், அம்மாவிடம் விளக்கை நகர்த்தச் சொல்வதைவிட டிவியை நகர்த்துவது சுலபம்.