கரோலினா செம்மண்ணில் ஃபெஸ்க்யூ புல்தரை: வாசகர் கேள்விகள்

வட கரோலினாவில் ராலி, கேரி வட்டாரத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளே இம்முறை அதிகம். கடைசிக் கேள்வி மட்டும் கோவையிலிருந்து.

கேள்வி: சென்ற கோடையில் வீட்டு முன்புல் பாதி காய்ந்துபோனது. மார்ச்சில் டால் ஃபெஸ்க்யூ விதை போட்டோம். நன்றாக முளைத்தது, ஜூலையில் அதுவும் போய்விட்டது. விதை மட்டமா? (கேரி வாசகி)

விதையில் குறை இருக்க வாய்ப்பு குறைவு. மாதம்தான் தப்பு. ஃபெஸ்க்யூ குளிர்பருவப் புல். 60 முதல் 75 டிகிரி ஃபாரன்ஹீட் வரை உற்சாகமாக வளரும், 90-ஐத் தாண்டினால் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். மார்ச்சில் முளைத்த நாற்று வேர் இறக்குவதற்குள் ஜூன் வெயில் வந்துவிடும். செப்டம்பர் தொடக்கத்திலிருந்து அக்டோபர் நடுவுக்குள் போட்டால், அடுத்த வெயிலுக்கு முன் வேருக்கு எட்டு மாதத்துக்கு மேல் கிடைக்கும்.

வேலையை ஆகஸ்டிலேயே தொடங்குங்கள். முதலில் மண் பரிசோதனை. மாவட்ட விரிவாக்க அலுவலகத்தில் பெட்டி வாங்கி, நாலைந்து இடத்து மண்ணைக் கலந்து மாநில வேளாண் துறை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். குளிர்கால மாதங்களில் மட்டும் சிறு கட்டணம். பீட்மான்ட் எனப்படும் நமது ராலி வட்டாரத்து மேட்டுநிலச் செம்மண் பெரும்பாலும் புளிப்பு மண். பி.எச். 6.0–6.5 வேண்டும். எவ்வளவு சுண்ணாம்பு என்பதை அறிக்கை சொல்லட்டும், உத்தேசமாகக் கொட்டாதீர்கள்.

அடுத்தது கோர் ஏரேட்டர், அதாவது மண்ணை உருளை உருளையாகப் பிடுங்கித் துளையிடும் இயந்திரம். புது வீடுகளில் மேல்மண்ணை வழித்தெடுத்து, அடிக்களிமண்ணின் மேல் கனரக வண்டிகளை ஓட்டியிருப்பார்கள். அந்த இறுக்கத்தில் வேர் இறங்காது. புல்லை 2 அங்குலத்துக்கு வெட்டி அள்ளிவிடுங்கள். முந்தைய நாள் நன்றாக நீர் பாய்ச்சி, மறுநாள் ஏரேட்டரை நெடுக்காக ஒருமுறை, குறுக்காக ஒருமுறை ஓட்டுங்கள். 2–3 அங்குல மண் உருளைகள் வெளியே வர வேண்டும். ஒரு அங்குலம்தான் வருகிறது என்றால் மண் போதுமான அளவு நனையவில்லை. உருளைகளை அப்படியே விடுங்கள், மழையில் கரையும். மேலே கால் அங்குலக் கம்போஸ்ட் தூவினால் நல்லது.

வெற்று நிலத்துக்கு 1000 சதுர அடிக்கு 6 பவுண்டு விதை, புல் ஓரளவு இருந்தால் 3–4 பவுண்டு. பாதியை ஒரு திசையிலும் மீதியைக் குறுக்கேயும் தூவுங்கள். பத்து பவுண்டு போட்டால் இன்னும் அடர்த்தியாகும் என்று நினைக்காதீர்கள். நாற்றங்காலில் நெருக்கி விதைத்தால் பிடுங்கி நட வழி உண்டு, இங்கே கிடையாது. நெருக்கத்தில் நாற்று மெலிந்து, முதல் கோடையிலேயே பூஞ்சணத்துக்கு இரையாகும்.

விதை கால் அங்குல ஆழத்துக்குள் இருக்கும்படி ரேக்கால் மண்ணை மெல்ல வாரிவிடுங்கள். வெற்றிடத்திலும் சரிவிலும் கோதுமை வைக்கோலைப் பாதி மண் தெரியும்படி பரப்புங்கள். தீவனப்புல் கட்டு வேண்டாம், அதில் களை விதை நிறைய இருக்கும். மேல் அரை அங்குல மண் காயாதபடி நாளைக்கு இரண்டு மூன்று முறை லேசாகத் தண்ணீர். 7–14 நாளில் முளைக்கும். பிறகு முறையைக் குறைத்து, ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஆழமாக இறங்கும்படி விடுங்கள். புல் 4 அங்குலம் தாண்டியதும், கூரான பிளேடு போட்டு, 3 அங்குலத்துக்கு முதல் வெட்டு. அதற்குள் மரத்து இலைகள் கொட்ட ஆரம்பித்திருக்கும். அவற்றை ரேக்கால் இழுத்தால் நாற்றும் சேர்ந்து வரும், ப்ளோவரால் ஊதித் தள்ளுங்கள்.

கேள்வி: கடையில் ஒரே அளவு மூட்டைக்கு விலை இரண்டு மடங்கு வித்தியாசப்படுகிறது. எதை வாங்குவது?

மூட்டையின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கச் சீட்டைப் படியுங்கள். களை விதை பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. ‘மற்றப் பயிர்’ என்ற வரியும் முக்கியம். அதற்குள் ஆர்ச்சர்ட் கிராஸ் போன்ற முரட்டுப் புல் ஒளிந்திருக்கலாம். அது வந்துவிட்டால் ஃபெஸ்க்யூவைக் கெடுக்காமல் அதை மட்டும் கொல்ல மருந்து இல்லை. முளைப்புத் திறன் 85 சதவீதமாவது இருக்கட்டும், பரிசோதித்த தேதியையும் பாருங்கள். விதைக்கு மேல்பூச்சு 50 சதவீதம் என்று போட்டிருந்தால் நீங்கள் வாங்கும் எடையில் பாதிதான் விதை. மலிவு என்று தோன்றியது மலிவில்லை.

‘கென்டக்கி 31’ மூட்டைதான் பெரும்பாலும் விலை குறைவாக இருக்கும். 1931-இல் கென்டக்கியின் ஒரு மலைப் பண்ணையில் கண்டெடுத்து, 1943-இல் வெளியிடப்பட்ட ரகம். மேய்ச்சலுக்கும் சாலையோரச் சரிவுக்கும் சரி. அகல இலை, வெளிர்நிறம், அதனால் வீட்டு முகப்புக்கு எடுக்காது. புல்தரைக்கென்று உருவாக்கிய மூன்று நான்கு ரகங்கள் கலந்த மூட்டையை வாங்குங்கள். ஒரு ரகம் நோயில் விழுந்தாலும் மற்றது நிற்கும்.

கேள்வி: பிப்ரவரி கடைசியில் கிராப் கிராஸ் என்ற களைப்புல் முளைக்காதபடி தடுப்பு மருந்து போட்டேன். இப்போது வழுக்கை இடங்களில் விதை தூவலாமா?

தூவினால் காசு நஷ்டம். புரோடயாமின், டைதியோபிர் போன்ற மருந்துகளுக்குக் களை விதை, ஃபெஸ்க்யூ விதை என்ற பேதம் தெரியாது. முளை வேரைத் தடுப்பதுதான் அவற்றின் வேலை. மருந்தின் வீரியம் மாதக்கணக்கில் இருக்கும். விதையோடு சேர்த்துப் போடக்கூடியது மெசோட்ரையோன் கலந்த உரம். அதுவும் விதைப்பு நாளில்தான். உங்கள் நிலையில் செப்டம்பர் வரை பொறுங்கள்.

கேள்வி: ஜூலையில் வட்ட வட்டமாகப் பழுப்புத் திட்டுகள். தண்ணீர் போதவில்லையென்று தினமும் மாலையில் விட்டோம். திட்டு பெரிதாகிறது. (மாரிஸ்வில் வாசகர்)

நோய்க்கு நீங்களே தீனி போட்டிருக்கிறீர்கள். இது பிரவுன் பேட்ச், ரைசோக்டோனியா என்ற பூஞ்சணம். இரவு வெப்பம் 68 டிகிரிக்குக் கீழே இறங்காமல், இலை பத்து மணி நேரத்துக்கு மேல் ஈரமாக இருந்தால் போதும், பரவிவிடும். மாலைத் தண்ணீர் அந்த ஈரத்தை விடியும் வரை நீட்டிக்கிறது.

வறட்சியா, நோயா என்று பார்க்க இலையை எடுத்துப் பாருங்கள். ஒழுங்கற்ற வெளிர்பழுப்புப் புள்ளி, அதைச் சுற்றிக் கரும்பழுப்புக் கோடு என்றால் நோய். பனி காயாத விடியலில் திட்டின் ஓரத்தில் சிலந்தி வலை போலப் பூஞ்சணம் தெரியும். வறட்சியில் இலை நீலம் பாய்ந்து மடியும், மிதித்த காலடித் தடம் எழும்பாது.

தண்ணீரை அதிகாலை நான்கிலிருந்து ஏழுக்குள் மாற்றுங்கள். ஏப்ரலுக்குப் பிறகு தழைச்சத்து போட்டிருந்தால் அதுவும் காரணம். பூஞ்சணக்கொல்லி முன்கூட்டியே போட்டால்தான் பலன்: மே கடைசியில் இரவுகள் 65-ஐத் தொடும்போது அசாக்ஸிஸ்ட்ரோபின், அடுத்த சுற்றில் புரோப்பிகோனசோல் என்று மாற்றி மாற்றி, சீட்டில் சொன்ன இடைவெளியில். திட்டு விழுந்தபின் போட்டால் மேலும் பரவாது, காய்ந்த இலை பச்சையாகாது. பதற வேண்டாம், பெரும்பாலும் அடித்தூர் உயிரோடிருக்கும். செத்த இடத்தை செப்டம்பரில் நிரப்பலாம். ஃபெஸ்க்யூ தூர் கட்டி வளரும் புல், பெர்முடா (நம் அருகம்புல்) போல ஓடிப் படர்ந்து ஓட்டையை மூடாது. அதனால்தான் ஆண்டுதோறும் மேல்விதைப்பு.

கேள்வி: உயரம் குறைத்து வெட்டினால் அடிக்கடி வெட்ட வேண்டாமே?

குட்டையாக்கினால் வேரும் குட்டையாகும், வெயில் மண்ணில் விழுந்து களை முளைக்கும். 3 முதல் 4 அங்குலம் வையுங்கள். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள்.

கேள்வி: உரமும் தண்ணீரும் எவ்வளவு?

1000 சதுர அடிக்கு ஒரு பவுண்டு தழைச்சத்து என்பது கணக்கு. மூட்டையில் உள்ள முதல் எண்தான் தழைச்சத்துச் சதவீதம்: 16-4-8 என்றிருந்தால் 6¼ பவுண்டு உரம், 32-0-10 என்றால் 3 பவுண்டுக்குச் சற்று மேல். செப்டம்பரில் ஒன்று, நவம்பரில் ஒன்று, பிப்ரவரி நடுவில் அரை முதல் ஒன்று. மார்ச் நடுவுக்குப் பின் நிறுத்திவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் உரம் போட்டால் பச்சை கண்ணைப் பறிக்கும், ஜூலையில் அதற்கு விலை கொடுக்க நேரும்.

தண்ணீர், மழையும் சேர்த்து, வாரம் ஓர் அங்குலம். நேர்ச்சுவர் உள்ள காலி டப்பாக்கள் நாலைந்தைப் புல்லில் வைத்து ஸ்பிரிங்க்ளரை ஓடவிட்டால் எத்தனை நிமிடத்தில் அரை அங்குலம் சேர்கிறது என்று தெரியும். வாரம் இரண்டு முறை அவ்வளவு. களிமண்ணில் தண்ணீர் வழிந்து சாலைக்கு ஓடினால், பாதி நேரம் விட்டு, முக்கால் மணி நேரம் கழித்து மீதியை விடுங்கள்.

கேள்வி: மகன் வீட்டுப் புல்லைப் பார்த்து ஆசை. வரும்போது விதை கொண்டுவரச் சொல்லவா? (கோவை வாசகர்)

வேண்டாம். இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் விதை கொண்டுவர இந்தியத் தாவரத் தனிமைப்படுத்தல் விதிகள் இடம்தரா. கொண்டுவந்தாலும் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டும் கோவை ஏப்ரலில் ஃபெஸ்க்யூ நிற்காது. அருகம்புல்லின் லான் ரகங்களையோ, நர்சரிகளில் கொரியன் கிராஸ் என்று விற்பதையோ போடுங்கள். அருகுக்கு நாள் முழுக்க வெயில் வேண்டும், கொரியன் கிராஸ் ஓரளவு நிழல் தாங்கும்.