மண் ஏன் வெடிக்கிறது, நார் ஏன் ஒட்டுவதில்லை?

கேள்வி: நாங்கள் பிலிப்பைன்ஸின் டாவோ நகரில் வசிக்கிறோம். என் மகள் 12ஆம் வகுப்பு படிக்கிறாள். உள்ளூர்ப் பொருளும் உள்ளூர் நுட்பமும் கொண்ட ஒரு சமகாலக் கலைப்படைப்பை ஒரு மாதத்துக்குள் செய்து, ஒரு பக்க விளக்கத்தோடு பள்ளியில் ஒப்படைக்க வேண்டும். செம்மண்ணைப் பசையில் குழைத்துத் தாளில் வரைந்தாள். காய்ந்ததும் அது வெடித்துப் பொடியாக உதிர்ந்தது. அதன் மேல் ஒட்டிய, வாழை இனத்துச் செடியான அபாக்காவின் நார் மறுநாளே எழும்பிவிட்டது. ஓரத்தில், திபோலிப் பழங்குடிப் பெண்கள் நெய்யும் தினாலாக் துணியின் வடிவம் ஒன்றை வரையலாமா என்றும் கேட்கிறாள். என்ன செய்வது?

பதில்: உங்கள் மகளின் கைவேலையில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கடையில் வாங்கும் வண்ணத்தையும் தாளையும் எப்படிக் கையாள்வோமோ, அப்படியே மண்ணையும் நாரையும் அவர் கையாண்டிருக்கிறார். அந்தப் பொருட்களோடு தலைமுறையாக வாழ்ந்தவர்கள் அவற்றை வேறு விதமாகக் கையாள்கிறார்கள். பள்ளி கேட்டிருக்கும் 'உள்ளூர் நுட்பம்' என்பது அதுதான்.

மண்ணிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் உங்கள் தீவான மிண்டனாவோவிலேயே அதற்கு மிகச் சிறந்த முன்மாதிரி இருக்கிறது. புகித்னோன் மாகாணத்தில், கித்தாங்லத் மலையடிவாரத்தில் உள்ள லந்தாபானின் சொங்கோ கிராமத்தில், தலாஅண்டிக் பழங்குடிக் கலைஞர்கள் தங்கள் நிலத்து மண்ணையே வண்ணமாகக் கொண்டு ஓவியம் வரைகிறார்கள். இசைக் கலைஞருமான வாவாய் சாவாய் அவர்களுள் பெரிதும் அறியப்பட்டவர். செம்மண், மஞ்சள் மண், பழுப்பு, கருமை, வெண்மை என வெவ்வேறு இடங்களில் எடுத்த களிமண்ணை நீரிலும் வெள்ளைப் பசையிலும் கரைத்து அவர்கள் வரையும் படங்களில் மலையும் சடங்கும் வேட்டையும் முன்னோர் கதைகளும் இடம்பெறுகின்றன. இது பழங்கால மரபு அன்று, அண்மைக் காலத்தில் உருவான கலைமுறை. ஆகவே 'சமகாலக் கலை' என்ற தலைப்புக்கு முழுதும் பொருந்தும்.

மண் வெடிப்பதற்குக் காரணம் எளியது. களிமண்ணின் நுண்துகள்கள் தங்களுக்கிடையே நீரைப் பிடித்து வைத்துக்கொள்பவை. நீர் வற்றும்போது அந்த அடுக்கு முழுவதும் சுருங்குகிறது, ஆனால் அடியில் உள்ள தாள் அதே அளவுக்குச் சுருங்குவதில்லை என்பதால் மேலடுக்கு பிளக்கிறது. கோடையில் கரிசல் காடு வாய் பிளந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடுக்கு எவ்வளவு தடிமனோ, பிளவும் அவ்வளவு பெரிது. பொடியாக உதிர்வதற்குக் காரணம் வேறு: துகள்களைப் பிணைக்கப் போதுமான பசை இல்லை, அல்லது மண்ணில் மணல் மிகுதியாக இருக்கிறது. உங்கள் மகளின் படத்தில் இரண்டு குறைகளும் சேர்ந்து வந்திருக்கின்றன.

மண்ணை வெயிலில் நன்றாக உலர்த்தி இடித்து, கல்லும் வேரும் போகச் சலித்துக்கொள்ளுங்கள். சலிக்கும்போது மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் அவசியம். பிறகு ஒரு வாளி நீரில் கலக்கி, மணல் அடியில் தங்கும் வரை ஒன்றிரண்டு நிமிடம் விட்டு, மேலே மிதக்கும் கலங்கிய நீரை மட்டும் வேறு பாத்திரத்தில் வடித்துவிடுங்கள். அந்த நீர் ஓரிரவு தெளிந்தபின் அடியில் படியும் வண்டல்தான் உங்கள் வண்ணம். இந்த ஒரு படியைத் தவிர்த்துவிட்டு எத்தனை விலையுயர்ந்த பசை வாங்கினாலும் பயன் இல்லை. அந்தக் குழம்பில் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு வெள்ளைப் பசை என்று தொடங்கி, மோர் போன்ற பதத்துக்கு நீர் விட்டுக் கரைத்து, ஒரு மூலையில் பூசிக் காயவிட்டு, விரலால் தேய்த்துப் பாருங்கள்: பொடி ஒட்டினால் பசை குறைவு, பளபளத்தால் பசை அதிகம். மண்ணின் அழகு அதன் மங்கலான, ஒளியை உள்வாங்கும் தன்மையில் இருக்கிறது; பளபளப்பு வந்துவிட்டால் அது கடையில் வாங்கிய வண்ணம் போலவே தோன்றும்.

தாளைக் கைவிடுங்கள். நீர் பட்டுத் தாள் உப்பும், காயும்போது வளையும், வளையும்போது மண் உதிரும். ஒட்டுப்பலகை, அல்லது பலகை மேல் இழுத்து ஒட்டிய கான்வாஸ் துணி ஏற்றது. முதலில் நீர்த்த பசையில் சிறிது மென்மணல் கலந்து ஒரு பூச்சு பூசினால் அடுத்த அடுக்குகளுக்குப் பிடிப்புக் கிடைக்கும். அதன் மேல் மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் முழுதாகக் காய்ந்தபின் அடுத்தது என்று ஏற்ற வேண்டும். ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்ததும் வெளிறும் என்பதால், ஒவ்வொரு மண்ணையும் ஒரு துண்டு அட்டையில் பூசி, காய்ந்த நிறத்தைக் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். செம்மைக்கும் மஞ்சளுக்கும் காரணமான இரும்புச் சேர்மங்கள் வெளிச்சத்தில் வெளுப்பதில்லை என்பது இந்த வண்ணத்தின் பெரிய வரம். நிறம் போதவில்லை என்று கடையில் விற்கும் போஸ்டர் வண்ணத்தைக் கலக்க மட்டும் வேண்டாம். அந்தக் கணமே படைப்பின் பொருள் போய்விடுகிறது.

இனி அபாக்கா. இது வாழைக் குடும்பத்துச் செடி. நம் ஊரில் மணிலா கயிறு என்று பெயர் பெற்றது இதன் நாரில் திரித்த கயிறுதான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானியர் நடத்திய அபாக்கா தோட்டங்களால் செழித்த ஊர் டாவோ. அதை விளக்கப் பக்கத்தில் உங்கள் மகள் எழுதலாம். தண்டை மூடிய மட்டைகளிலிருந்து கத்தியால் இழுத்து எடுக்கப்படும் இந்த நார் நீளமானது, வழவழப்பானது, விறைப்பானது. பசை அதன் மேற்பரப்பிலேயே நின்றுவிடும். நார் நிமிரும்போது பசை விடும். ஆகவே அபாக்காவை ஒட்டக் கூடாது, கட்ட வேண்டும். நெசவாளர்கள்கூட இதைப் பருத்தி போல நூற்பதில்லை; இழைகளை முனையோடு முனை முடிந்து நூலாக்குகிறார்கள். நாரை வெட்டாமல் சற்றே நனைத்துப் பதப்படுத்தி, பலகையின் ஓரத்தில் துளையிட்டு இழுத்துக் கட்டினாலும், மூன்று புரியாகப் பின்னினாலும் அது ஆண்டுக்கணக்கில் நிற்கும். வாழைநாரில் பூத்தொடுத்த கைகளுக்கு இது புதிதன்று. ஒட்டித்தான் ஆக வேண்டுமென்றால், அபாக்கா கூழில் செய்த கைத்தாள் வாங்கி ஒட்டுங்கள். அது பசையை நன்கு உறிஞ்சும். பிலிப்பைன்ஸின் பெசோ பணத்தாள்களிலும் பருத்தியோடு 20 விழுக்காடு அபாக்கா சேர்க்கப்பட்டு வந்தது.

தினாலாக் வடிவத்தை வரைய வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. தெற்கு கொத்தாபாத்தோவின் லேக் செபுவில் திபோலிப் பெண்கள் அபாக்கா இழைகளை முடிந்து, வடிவத்துக்கேற்ப இடையிடையே இறுகக் கட்டி, கட்டிய இடத்தில் சாயம் ஏறாதபடி வேர், இலைச் சாயங்களில் கொதிக்கவைத்து, பிறகு இடுப்புத் தறியில் நெய்து, சோழியால் தேய்த்து மெருகேற்றும் துணி அது. ஒரு துணி முடிய மாதங்கள் ஆகும். 1998இல் நாட்டின் 'வாழும் பொக்கிஷம்' விருது பெற்று 2015இல் மறைந்த லாங் டூலாய் போன்றவர்கள், வடிவங்கள் கனவில் அபாக்காவின் ஆவியான ஃபூ டாலுவால் அருளப்படுகின்றன என்ற நம்பிக்கையோடு நெய்தவர்கள். அந்த வடிவத்தைக் கைப்பேசியில் பார்த்து ஓரச் சித்திரமாக்குவது அவர்களுக்கு வருத்தம் தரக்கூடிய செயல். பழங்குடிச் சமூகங்களின் பண்பாட்டு, அறிவுசார் உடைமைகளை அவர்களின் இசைவின்றி எடுத்தாளக் கூடாது என்பதை 1997ஆம் ஆண்டின் பழங்குடி மக்கள் உரிமைச் சட்டமும் ஏற்கிறது. வடிவத்தை விட்டுவிட்டு, கட்டிச் சாயமேற்றும் முறையைக் கற்றுக்கொள்ளலாம்: பத்து அபாக்கா இழைகளை நடுவில் இறுகக் கட்டிச் சாயத்தில் கொதிக்கவைத்து அவிழ்த்தால், கட்டிய இடம் மட்டும் வெளுத்துத் தெரியும். வடிவம் உங்கள் மகளுடையதாக இருக்கட்டும்.

'உள்ளூர்' என்றால் பழங்குடிப் பொருளாகவே இருக்க வேண்டுமோ என்ற தயக்கமும் வேண்டாம். பாகியோ கலைஞர் ராபர்ட்டோ வில்லானுவேவா 1989இல் மணிலாவில் ரூனோ நாணலைக் கொண்டு ஒரு பெரிய சுழல்வழியை எழுப்பினார். மலைகளில் தாமாக வளரும் அந்த நாணல் மட்கிப் போவதையும் படைப்பின் பகுதியாகவே அவர் கருதினார். ஜூன்யீ என்ற மற்றொரு பிலிப்பைன்ஸ் கலைஞர், மரம் வெட்டுவோர் கழித்துப்போட்ட அடிமரத் துண்டுகளை நிறுத்தி, அழிந்த காட்டை நினைவூட்டினார். எந்தப் பொருளை ஏன் எடுத்தோம் என்று சொல்ல முடிவதையே ஆசிரியர்கள் எதிர்பார்ப்பார்கள் என்று நினைக்கிறேன்.

மண் எடுக்கும் இடத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். கித்தாங்லத் பாதுகாக்கப்பட்ட மலை. தலாஅண்டிக் மக்கள் தங்கள் சடங்கும் அனுமதியும் இன்றி யாரும் அதற்குள் நுழைவதை விரும்புவதில்லை. அங்கே தோண்ட வேண்டாம். உங்கள் வீட்டைச் சுற்றியுள்ள கட்டடக் குழி, ஓடைக்கரை, தோட்டம் ஆகியவற்றில், உரியவரைக் கேட்டு, நான்கைந்து நிற மண் சேர்த்தாலே போதும். ஒவ்வொரு டப்பாவிலும் எந்தத் தெருவில், எந்த நாளில் எடுத்தது என எழுதி ஒட்டச் சொல்லுங்கள். விளக்கப் பக்கத்தின் பாதி அப்போதே எழுதப்பட்டுவிடும். முதல் வாரம் மண்ணுக்கும் தெளிவிப்புக்கும், இரண்டாம் வாரம் சோதனைப் பூச்சுகளுக்கும் நாருக்கும் என்று வைத்துக்கொண்டால், வரைவதற்குப் பதினைந்து நாட்கள் மிஞ்சும். டாவோவின் ஈரக்காற்றில் ஒவ்வொரு அடுக்கும் காய ஒரு நாளாவது ஆகும் என்பதால் அந்த அவகாசம் தேவைப்படும்.