விசா கிடைத்த பிறகு வரும் செவ்வாய்க்கிழமை

முரசுமோட்டை ஐயாவுக்கு வணக்கம்.

வவுனியாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்த மகளை மாஸ்டர்ஸ் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்ப நினைக்கிறீர்கள். விசா கிடைக்குமா, எந்த முகவர் நல்லவர், இரணைமடுக் குளத்தின் கீழ் உள்ள வயலை ஈடு வைக்கலாமா என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். அங்கே போய் இறங்கிய பிறகு, ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் மகள் என்ன செய்து கொண்டிருப்பாள் என்று மட்டும் கேட்கவில்லை. நான் அதில் இருந்துதான் தொடங்குவேன்.

"கிழமையில் மூன்று நாள்தானாம் வகுப்பு, மிச்ச நாள் வேலை செய்து கடனை அடைத்துவிடுவாளாம்" என்று முகவர் சொன்னதை எழுதியிருந்தீர்கள். முதல் பாதி பெரும்பாலும் உண்மை. ஆனால் அங்கே ஒரு மாஸ்டர்ஸ் என்பது 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 10 மணித்தியாலப் படிப்பு என்று கணக்கு. மொத்தம் 1,800 மணித்தியாலம். வருடம் முழுக்கப் பரப்பிப் போட்டாலும் கிழமைக்கு 35 மணித்தியாலம் வரும். வகுப்பில் இருப்பது அதில் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் நூலகத்திலும் அறையிலும் தனியாக இருந்து வாசிப்பதும் எழுதுவதும். ரியூஷன் நோட்ஸைப் பாடமாக்கிப் பரீட்சை எழுதிப் பழகிய பிள்ளை, நாலைந்து ஆய்வுக் கட்டுரைகளை வாசித்துத் தன் கருத்தைத் தானே ஆங்கிலத்தில் எழுத வேண்டும். எங்கிருந்தாவது எடுத்து ஒட்டினால் மென்பொருள் காட்டிக் கொடுத்துவிடும், விசாரணை வரை போகும். குளிர்தான் கஷ்டம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். குளிருக்கு ஜக்கெட் வாங்கலாம். நான் பார்த்த பிள்ளைகள் தடுமாறியது முதல் அசைன்மென்டில்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பின்னேரம் வேலை. மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது. 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் மணிக்கு 12.21 பவுண் ஆனது. அந்தக் கணக்கில் இருபது மணித்தியாலமும் கிடைத்தால் கிழமைக்கு 244 பவுண், மாதத்துக்கு ஆயிரத்தைச் சற்றுத் தாண்டும். அதே வருடம் நவம்பரில் இருந்து, லண்டனுக்கு வெளியே ஒரு மாணவருக்கு மாதம் 1,171 பவுண் வேண்டும், லண்டனில் 1,529 பவுண் வேண்டும் என்று விசாவுக்காக அந்த அரசாங்கமே வைத்திருக்கிறது. அதாவது முழுச் சம்பளமும் சாப்பாட்டுக்கும் வாடகைக்குமே காணாது. முழுதாகக் கிடைப்பதும் நிச்சயமில்லை. எட்டு மணித்தியாலம் மட்டும் கிடைக்கிற கிழமைகளும் இருக்கும். கோடை லீவில் முழு நேரம் உழைக்கலாம் என்பார்கள். ஆனால் மாஸ்டர்ஸ் பிள்ளைகளுக்கு அது ஆய்வறிக்கை எழுதும் காலம், பெரும்பாலும் அதே இருபது மணித்தியாலக் கட்டுப்பாடுதான். ஆப்பில் ஓடி உணவு டெலிவரி செய்வது சுயதொழில் என்பதால் இந்த விசாவுக்கு அதுவும் கூடாது. லண்டன் ஹரோவில் இருக்கும் மாமாவின் கடையில் கைக்காசுக்கு நின்றாலும் அந்த மணித்தியாலமும் இந்த இருபதுக்குள்தான் சேரும். மாமா நல்ல மனதோடுதான் கேட்பார், ஆனால் பிடிபட்டால் போவது மகளின் விசா.

இனி வயல் விஷயம். லண்டனுக்கு வெளியே படிப்பதென்றால் ஒன்பது மாதச் செலவு, அதாவது 10,539 பவுண், தொடர்ந்து 28 நாள் வங்கியில் இருந்ததாகக் காட்ட வேண்டும். முதல் வருடக் கட்டணத்தில் கட்டாமல் இருக்கிற பகுதியும் அதோடு சேரும். காட்டுவதற்கு மட்டும் வட்டிக்குக் காசு போட்டுத் தருவோம் என்று உங்களிடம் யாராவது வருவார்கள். விசா வந்ததும் அந்தக் காசு போய்விடும், மகள் அங்கே வெறுங்கையோடு நிற்பாள். காட்டுகிற காசு அவள் சாப்பிடுகிற காசாகவும் இருக்க வேண்டும். கட்டணத் தவணைகளையும் பாருங்கள். பல இடங்களில் இரண்டாவது தவணை ஜனவரியை ஒட்டி வரும். காலபோக நெல் வெட்டி, விற்று, காசு கையில் சேர மாசி பங்குனி ஆகிவிடும். தவணை தப்பினால் பல்கலைக்கழகம் பதிவை நிறுத்தலாம். பதிவு போனால் அந்த நாட்டுக் குடிவரவுத் திணைக்களத்துக்கு அறிவிப்பது அவர்களின் கடமை.

படித்து முடித்து அங்கேயே நின்றுவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் இதையும் சேர்த்துக் கொள்ளுங்கள்: படிப்புக்குப் பிறகு வேலை தேட இதுவரை இரண்டு வருடம் கொடுத்தார்கள், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம்.

சாப்பாட்டைப் பற்றி அம்மா கவலைப்பட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஒரே சமையலில் பருப்பும் இரண்டு கறியும் வைத்து டப்பாக்களில் போட்டுக் கொள்வாள். வறுத்த மிளகாய்த்தூள் கொடுத்துவிடுங்கள். கருவாடு வேண்டாம், ஐந்தாறு பேர் பகிர்கிற குசினி அது. தாளிக்கும்போது யன்னலைத் திறக்கச் சொல்லுங்கள், புகை மணி அடித்தால் முழுக் கட்டடமும் வெளியே இறங்க வேண்டி வரும்.

போன் எடுக்கும் நேரம்தான் வீட்டுக்காரர் பிழை விடும் இடம். நீங்கள் காலை ஆறு மணிக்கு வயலுக்குப் போகுமுன் அழைத்தால் அங்கே மாரியில் இரவு பன்னிரண்டரை, கோடையில் ஒன்றரை. டிசம்பரில் லண்டனில் நாலு மணிக்கு முன்னமே சூரியன் மறைந்துவிடும், கிளிநொச்சி வெயிலில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த மாதம் மனதை அழுத்தும். அப்போது ஒவ்வொரு அழைப்பிலும் ஈட்டு வட்டியைப் பற்றிக் கதைத்தால் அவள் போனை எடுப்பதைக் குறைத்துக் கொள்வாள். ஞாயிறு மத்தியானம் போன்ற ஒரு நேரத்தை இருவரும் பேசி வைத்துக் கொள்ளுங்கள். காசுக் கதையை மாதத்தில் ஒரு நாளைக்கு ஒதுக்குங்கள்.

என்னிடம் கேட்டால், இந்த வருடம் வயலை ஈடு வைக்க வேண்டாம். மகள் இரண்டு வருடம் இங்கே, வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ, படித்த துறையில் வேலை செய்யட்டும். பிரித்தானிய அரசாங்கத்தின் செவனிங் புலமைப்பரிசிலுக்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும். கட்டணம், விமானச் சீட்டு, மாதச் செலவு எல்லாம் அவர்களே தருவார்கள். படித்து முடித்ததும் நாடு திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. போட்டி கடுமை, கிடைக்கும் என்று நான் வாக்குத் தர மாட்டேன். கிடைக்காவிட்டாலும் இரண்டு வருடச் சம்பளமும் அனுபவமும் கையில் இருக்கும்.

அதற்கும் மகள் பொறுக்கமாட்டாள் என்றால், ஓஃபர் லெட்டரையும் கட்டணத் தவணை விபரத்தையும் எடுத்துக் கொண்டு அவளையும் கூட்டி வாருங்கள். மாணவர்களைச் சேர்த்துக் கொடுக்கும் முகவர்களுக்குப் பெரும்பாலும் பல்கலைக்கழகமே தரகு கொடுக்கிறது. அதனால் நீங்கள் இங்கே வரும்வரைக்கும் உங்கள் முகவருக்கு ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம்.