சமுதாய சுகாதாரப் பணியாளர்களுக்கு மாதம் ஒரு வகுப்பு போதுமா? என்ன சொல்லித்தர வேண்டும்?

கேள்வி கேட்டவர் தம் அறக்கட்டளை சார்பில், வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்களுக்கு மாதம் ஒரு நாள் வகுப்பு நடத்தப் போவதாக எழுதியிருக்கிறார். அது போதுமா, எதைச் சொல்லித்தரலாம் என்பது அவர் கேள்வி. போதாது என்பதுதான் என் பதில். வகுப்பே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்களிடம் இருக்கும் பணமும் நேரமும் குறைவு என்றால், அதில் பெரும்பங்கை வகுப்பறைக்கு வெளியே, அவர்கள் போகிற வீடுகளிலேயே செலவிடுங்கள்.

நான் நர்ஸ். நாகர்கோவிலில் படித்தேன், கல்யாணமாகி டர்பனுக்கு வந்தேன், இங்கே மறுபடி பதிவு செய்துகொண்டு வேலையில் சேர்ந்தேன். இப்போது இதே ஊரில் சாட்ஸ்வொர்த் பக்கம் இப்படிப்பட்ட பணியாளர்கள் குழு ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். தென்னாப்பிரிக்காவில் 2011 வாக்கில் வார்டு வாரியாக இந்தக் குழுக்களை அமைக்கத் தொடங்கினார்கள். குழுவுக்கு ஒரு நர்ஸ் தலைமை, அவருக்குக் கீழே சில பணியாளர்கள், ஒவ்வொரு பணியாளருக்கும் சுமார் 250 வீடுகள் என்பது திட்டம். டர்பன் இருக்கிற குவாஸூலு-நேட்டால் மாகாணத்தில் இவர்களை ஸூலு மொழியில் ஓனொம்பிலோ என்று அழைக்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள், அதே பகுதியில் வசிப்பவர்கள். மருந்து எழுதித் தருவதோ நோயைக் கண்டறிந்து சொல்வதோ இவர்கள் வேலை கிடையாது. விசாரிப்பது, பார்ப்பது, மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று கவனிப்பது, யாரை எப்போது கிளினிக்குக்கு அனுப்ப வேண்டும் என்று முடிவெடுப்பது. கேட்க எளிதாக இருக்கும். அந்தக் கடைசி முடிவில்தான் உயிர் இருக்கிறது.

ஒருமுறை பயிற்சி கொடுத்தால் ஏன் போதாது என்பதற்கு இங்கே நடந்த ஒன்றையே சொல்கிறேன். முன்பு எச்ஐவிக்குக் கொடுத்த கூட்டு மாத்திரையில் எஃபாவிரென்ஸ் என்ற மருந்து இருந்தது. அதைச் சாப்பிட்டால் சிலருக்குத் தலை சுற்றும், விபரீதக் கனவுகள் வரும். அதனால் இரவு படுக்கப் போகும்போது சாப்பிடுங்கள், கொழுப்பு அதிகமான சாப்பாட்டோடு வேண்டாம் என்று பணியாளர்கள் வீட்டுக்கு வீடு சொன்னார்கள். அப்போது அது சரியான அறிவுரை. 2019 டிசம்பரில் அரசு டோலுடெக்ராவிர் என்ற மருந்து உள்ள மாத்திரைக்கு மாறத் தொடங்கியது. இதை எந்த நேரத்திலும் சாப்பிடலாம். சிலருக்கு இதனால் தூக்கம் கெடும், அவர்கள் காலையில் சாப்பிடுவதே நல்லது. பழைய பயிற்சியோடு நின்றுவிட்ட ஒருவர் "ராத்திரியில்தான் போடணும் அம்மா" என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருந்தால், நோயாளி தூக்கம் இல்லாமல் அவதிப்பட்டு ஒரு நாள் மாத்திரையையே நிறுத்திவிடுவார். பணியாளர் அக்கறையோடுதான் சொல்லியிருப்பார். மருந்து மாறியதை அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இதே மாத்திரையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. டோலுடெக்ராவிர், சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் மருந்தின் அளவை உடலில் ஏற்றிவிடும். அதனால் இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுபவருக்கு மெட்ஃபார்மின் நாளுக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் இந்திய வம்சாவளிக் குடும்பங்களில் சர்க்கரை இல்லாத வீட்டைத் தேட வேண்டும். ஒரே ஆள் சர்க்கரைக்கு ஒரு இடத்திலும் எச்ஐவிக்கு வேறு இடத்திலும் மாத்திரை வாங்குவதும் நடக்கிறது, முக்கியமாக விஷயம் வெளியே தெரியக் கூடாது என்று நினைப்பவர்கள். இரண்டு பைகளையும் ஒன்றாகப் பார்க்கிற வாய்ப்பு டாக்டருக்குக் கிடைக்காமல் போகலாம். அந்த வீட்டுச் சமையலறை மேஜையில் உட்காருகிற பணியாளருக்குக் கிடைக்கும். அவர் அளவைக் குறைக்க வேண்டியதில்லை. "இந்த இரண்டு பையையும் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கு வாங்க" என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

காசநோயிலும் இப்படித்தான். மருந்துக்குக் கட்டுப்படாத டிபிக்கு மாதக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள், அதில் பலருக்குக் காது கேட்காமல் போனது. 2018ல் தென்னாப்பிரிக்கா அந்த ஊசிக்குப் பதில் பெடாகுவிலின் மாத்திரையைக் கொண்டுவந்தது. ஊசிக்குப் பயந்து சிகிச்சைக்கே வராமல் ஒளிந்துகொள்கிறவரிடம் போய் "இப்போது ஊசி இல்லை" என்று சொல்ல ஆள் வேண்டுமே.

சரி, இதையெல்லாம் வகுப்பிலேயே சொல்லிவிடலாமே என்று கேட்பீர்கள். சொல்லலாம், சொல்கிறோம். ஆனால் வகுப்பில் எல்லோரும் தலையாட்டுவார்கள், தேர்வுத்தாளில் சரியாக எழுதுவார்கள், மறுநாள் வீட்டு வாசலில் நிற்கும்போது வாய் வராது. காரணம் மறதி மட்டும் கிடையாது. வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது, படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது, அந்த வீட்டில் பேச வேண்டியது ஸூலுவில், அல்லது தமிழும் ஆங்கிலமும் கலந்த ஒரு பேச்சில். தெரிந்த விஷயத்தை எதிரே இருப்பவர் மனம் கோணாமல் கேள்வியாக மாற்றுவது தனித் திறமை. அதை நாற்காலியில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள முடியாது.

எங்கள் குழுவில் ஸூலு பேசும் பெண் ஒருவர் இருக்கிறார். அவர் பொறுப்பில் இருக்கிற வீடுகளில் பாதி தமிழ்க் குடும்பங்கள். பாட்டிகளை "ஆயா" என்றுதான் கூப்பிடுவார், அவர்களும் அவரைப் பேத்தி மாதிரி நடத்துவார்கள். புரட்டாசி வந்தால் இங்கே தமிழர்கள் மாதம் முழுக்கக் கறி மீன் தொட மாட்டார்கள், வயதானவர்கள் சிலர் சனிக்கிழமை ஒரு வேளைதான் சாப்பிடுவார்கள். இன்சுலினோ கிளிமெப்பிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ போட்டுக்கொண்டு வேளைச் சாப்பாட்டைத் தவிர்த்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். நாங்கள் இரண்டு பேரும் ஒரு ஆயா வீட்டுக்குப் போனோம். உள்ளே நுழைவதற்கு முன்பு அவரிடம் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: விரதத்தைப் பற்றி எப்படிப் பேச்சை எடுக்கப் போகிறாய்? அவர் யோசித்துவிட்டு, விரதத்தை விடச் சொன்னால் ஆயா இனி கதவையே திறக்க மாட்டார், அதனால் என்றைக்கு என்ன சாப்பிடுவார் என்று மட்டும் கேட்கிறேன் என்றார். உள்ளே நான் வாயைத் திறக்கவில்லை. அவர் ஒவ்வொரு வேளையாகக் கேட்டார், சனிக்கிழமை வந்தபோது ஆயாவே "அன்றைக்குக் கொஞ்சம் நடுக்கமா வரும்" என்றார். அந்த நடுக்கம் எதனால், அப்போது மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும், விரத நாளுக்கு மருந்தை எப்படி மாற்றுவது என்று அடுத்த வாரம் கிளினிக்கில் கேட்டுவிடலாம் என்று அந்தப் பணியாளரே சொல்லி முடித்தார். வெளியே வந்து தெருவில் நின்று இரண்டு விஷயம் பேசினோம். கேள்வி கேட்ட வரிசை அருமை என்றேன். காலைப் பார்க்க மறந்ததைச் சுட்டிக்காட்டினேன். சர்க்கரைக்காரர் வீட்டில் செருப்பைக் கழற்றச் சொல்லி விரலிடுக்கில் பார்க்காமல் வரக் கூடாது. அடுத்த வீட்டில் அதைச் செய்தார்.

இந்த மாதிரி ஒரு மதியத்தில் கற்றது மனதில் நிற்கிறது. நீச்சலைத் தண்ணீரில்தானே கற்றுத்தர முடியும்.

இது நான் கண்டுபிடித்த வழி என்று நினைத்துவிடாதீர்கள். 1940ல் இதே நேட்டால் மாகாணத்தின் மலைப்பகுதியில், பொலேலா என்ற இடத்தில் சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற மருத்துவத் தம்பதி ஒரு சுகாதார மையம் தொடங்கினார்கள். உள்ளூர் ஆட்களைச் சுகாதார உதவியாளர்களாகப் பயிற்றுவித்து வீடு வீடாக அனுப்பினார்கள். வீட்டில் யார் யார், என்ன சாப்பாடு, என்ன நோய், தோட்டத்தில் என்ன விளைகிறது என்று அவர்கள் கொண்டுவந்த கணக்கை வைத்துத்தான் மையம் அடுத்து என்ன செய்வது என்று தீர்மானித்தது. பிறகு டர்பனிலேயே ஒரு பயிற்சி நிறுவனம் வந்தது, இந்தியர்கள் வாழ்ந்த மெரிபாங்க் போன்ற பகுதிகளிலும் அதன் மையங்கள் இயங்கின. நாடு முழுக்க 400 மையங்கள் வேண்டும் என்று அரசு அமைத்த குளக்மன் ஆணையம் பரிந்துரைத்தது. 1948ல் ஆட்சி மாறியபின் அதற்கு ஆதரவு வற்றிவிட்டது, 1950களின் இறுதியில் கார்க் தம்பதியும் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். அது தொடர்ந்திருந்தால் இங்கே எத்தனை வீடுகளுக்கு எவ்வளவு நன்மை கிடைத்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு ஆறுவதில்லை.

மருத்துவர்களுக்கு இந்த நாட்டில் ஆண்டுக்கு 30 தொடர்கல்விப் புள்ளிகள் கட்டாயம், அதில் 5 மருத்துவ அறம் சார்ந்ததாக இருக்க வேண்டும். ஆக, படித்தவர்களுக்கே அறிவு பழசாகும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டாகிவிட்டது. மருத்துவர் கண்ணில் படாததைப் பார்க்கிற இந்தப் பெண்களுக்கு மட்டும் ஆரம்பப் பயிற்சியே ஆயுசுக்கும் போதும் என்பது என்ன நியாயம்?

எதைச் சொல்லித்தருவது என்பதற்கு நீண்ட பாடத்திட்டம் போடாதீர்கள். அந்த மாதம் அவர்கள் கொண்டுவரும் பிரச்சினையிலிருந்து தொடங்குங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனில் குழாய்த் தண்ணீர் இல்லாமல் தவித்தோம். அந்த மாதிரி நேரத்தில் எங்களுக்கு வேண்டியது வயிற்றுப்போக்குப் பாடம்: கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீர், தலைதட்டிய எட்டு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. சொல்லிக் காட்டுவதோடு நிற்காமல் எல்லோரையும் கலக்கச் செய்யுங்கள், வீட்டு ஸ்பூன்கள் எத்தனை அளவில் இருக்கின்றன என்று அப்போதுதான் தெரியும்.

கருவிகளும் அப்படியே. பிரஷர் பார்க்கும் பட்டை கைக்குச் சிறியதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். சர்க்கரை அளவு இங்கே மில்லிமோலில், இந்தியாவில் மில்லிகிராமில், இங்கத்திய அளவை 18ஆல் பெருக்கினால் இந்திய அளவு வரும். 7 என்றால் 126. இந்தியாவிலிருந்து உறவினர்கள் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்துவிட்டு "எனக்கு வெறும் 12தான், அவங்களுக்கு 140" என்று நிம்மதியாக இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். 12 என்றால் 216.

சான்றிதழ் கொடுங்கள், அதற்கு மதிப்பு உண்டு, வேறு வேலைக்கு அது கதவு திறக்கும். ஆனால் அதற்கு முன்பு பணத்தைப் பாருங்கள். இங்கே 2018 ஒப்பந்தப்படி இவர்களுக்கு மாதம் 3500 ராண்ட் என்று நிர்ணயித்தார்கள். அதில் மினிபஸ் டாக்ஸிக்குக் காசு கொடுத்துப் பயிற்சிக்கு வா என்றால், வருகிறவர் அன்றைக்குப் பிள்ளையின் மதியச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டுதான் வருவார். பயிற்சி நாளுக்கு முழுக் கூலி, போக்குவரத்துச் செலவு, சாப்பாடு மூன்றையும் உங்கள் வரவுசெலவுக் கணக்கில் முதல் வரியாக எழுதிவிடுங்கள். அப்புறம் வீடுகளுக்குக் கூடவே போக ஒரு நர்ஸுக்கு வாரத்தில் ஒரு நாள் சம்பளம். மிச்சம் இருந்தால் அரங்கம் வாடகைக்கு எடுக்கலாம், இல்லையென்றால் கோவில் மண்டபமே போதும்.