லோச் மீனுக்குத் தோதான கூட்டாளிகள்: வாசகர் கேள்வி–பதில்

இரண்டடித் தொட்டியில் இரண்டு ஏஞ்சல், ஆறு கப்பி, ஒரு சக்கர் மீன் வளர்க்கிறேன். போன மாதம் இரண்டு அங்குல நீளமுள்ள இரண்டு க்ளவுன் லோச் வாங்கி விட்டேன். பகலெல்லாம் ஃபில்டருக்குப் பின்னால் ஒளிந்தே கிடக்கின்றன. கப்பிகளின் வால் வேறு கிழிந்திருக்கிறது. எந்த மீனை மாற்றுவது?
– வாசகி, திருச்சி

முதலில் மாற்ற வேண்டியது தொட்டியை. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் மணலும் கல்லும் போக 45 லிட்டர் தண்ணீர்தான் நிற்கும். க்ளவுன் லோச் சுமத்ரா, போர்னியோ தீவுகளின் ஆற்று மீன், அடித்தரையில் இரை தேடும். கடையில் நீங்கள் பார்த்த இரண்டு அங்குல மீன் வெறும் குஞ்சு. தொட்டியிலேயே எட்டு, பத்து அங்குலம் வரை வளரும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20 வருடம் தாண்டியும் இருக்கும்.

ஒளிந்துகொள்வதற்குக் காரணம் எண்ணிக்கை. 'லோச்சுடன் எந்த மீனை விடலாம்?' என்று பலரும் கேட்கிறார்கள். லோச்சுக்கு முதல் கூட்டாளி இன்னொரு லோச்தான். ஐந்துக்குக் குறையாமல் இருந்தால் தங்களுக்குள் பெரியது சிறியது என்று வரிசை கட்டிக்கொண்டு, பகலிலும் தைரியமாக வெளியே வரும். இரண்டே இரண்டு இருந்தால் பெரியது சிறியதை ஓயாமல் துரத்தும். ஒன்றே ஒன்று இருந்தால் அது மூலையில் முடங்கும், இல்லையென்றால் மற்ற மீன்களைச் சீண்டும். சண்டையின்போது ஆரஞ்சு நிறம் வெளிறிச் சாம்பல் பூத்துவிடும். அது நோயில்லை, சண்டை ஓய்ந்ததும் நிறம் திரும்பிவிடும். செத்ததுபோல ஒருக்களித்துப் படுப்பதும், தின்னும்போது 'டிக் டிக்' என்று சத்தம் எழுப்புவதும் இந்த மீனின் இயல்பு. பயந்துபோய் மருந்து ஊற்றிவிடாதீர்கள்.

கப்பி வாலை ஏஞ்சலும் கடித்திருக்கலாம், லோச்சும் கடித்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் நீண்ட வாலுள்ள, மெதுவாக நீந்தும் மீன் இந்த இரண்டோடும் சேராது. சக்கர் மீனும் வேண்டாம். லோச் தேடும் அதே பொந்தும், அதே தரை உணவும் அதற்கும் தேவை. ஓரடிக்கு மேல் வளரவும் செய்யும்.

க்ளவுன் லோச்தான் வேண்டுமென்றால் நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி வாங்குங்கள். சுமார் 250 லிட்டர் பிடிக்கும். அதில் ஐந்து லோச். மேல்மட்டத்துக்கு டைகர் பார்ப் பத்து, அல்லது ரெயின்போ மீன் ஆறு. டைகர் பார்ப் எட்டுக்குக் குறைந்தால் மற்ற மீன்களின் துடுப்பைக் கடிக்க ஆரம்பிக்கும், அதனால் எண்ணிக்கையில் கஞ்சத்தனம் வேண்டாம். லோச் ஐந்து அங்குலத்தைத் தாண்டும்போது ஆறடித் தொட்டிக்கு இடம் பார்க்க வேண்டியிருக்கும் என்பதையும் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். புதுத் தொட்டியில் பழைய ஃபில்டரின் பஞ்சைப் போட்டு ஓடவிட்டு, மீன் கழிவில் உண்டாகும் நஞ்சுகளான அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று பரிசோதனையில் தெரிந்த பிறகே மீனை மாற்றுங்கள். வலை போட்டுப் பிடிக்காதீர்கள். கண்ணுக்குக் கீழே மடங்கி விரியும் முள் ஒன்று உண்டு, அது வலையில் சிக்கினால் முகம் கிழியும். பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீரோடு முகந்து எடுங்கள்.

பெரிய தொட்டிக்கு வழியில்லை என்றால் லோச், ஏஞ்சல், சக்கர் மூன்றையும் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, கப்பிகளோடு, புழு மாதிரி மெலிந்த உடம்புள்ள கூலி லோச் என்ற வகையில் ஆறு விடுங்கள். உங்கள் இரண்டடித் தொட்டிக்கு அது நிறைவான கூட்டம்.

கூலி லோச் எட்டு வாங்கினேன். இப்போது மூன்றுதான் கண்ணில் படுகிறது. மற்ற மீன்கள் தின்றிருக்குமா? நியான் டெட்ராவும் ஒரு ஜோடி கௌராமியும் இருக்கின்றன.
– வாசகர், புதுச்சேரி

நியானுக்கு அந்த வாய் கிடையாது. கௌராமி, ஹனி போன்ற சிறிய வகையாக இருந்தால் அதுவும் தின்றிருக்காது. ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். புழு மாதிரி உடம்பு என்பதால் உறிஞ்சு குழாயின் துளை வழியே உள்ளே போய் அங்கேயே தங்கிவிடும். குழாயின் வாயில் ஸ்பாஞ்ச் மாட்டினால் இந்தத் தொல்லை தீரும். மூடியில் இடைவெளி இருந்தால் தொட்டிக்குப் பின்னால் தரையிலும் தேடுங்கள். அடியில் கூர்மையான சரளைக்கல் இருந்தால் எடுத்துவிட்டு நைஸான மணல் இரண்டு அங்குலம் போடுங்கள். புதைந்துகொள்ள முடியாத இடத்தில் கூலி லோச் நிம்மதியாக இருக்காது.

செடித் தொட்டியில் நத்தை பெருகிவிட்டது. யோயோ லோச் விட்டால் போதும் என்கிறார் கடைக்காரர். தொட்டி மூன்றடி. செர்ரி இறாலும் டெட்ராவும் உண்டு.
– வாசகர், கோவை

நத்தையைத் தின்னும் என்பது உண்மை. ஓட்டுக்குள் வாயை நுழைத்து உறிஞ்சி எடுத்துவிடும். அதே வாய் உங்கள் இறாலையும் விடாது. யோயோ லோச் கங்கைச் சமவெளிப் பக்கத்து மீன், ஐந்து அங்குலம் வரும், க்ளவுனைவிட முரடு. இதற்கும் குறைந்தது ஐந்து வேண்டும். நத்தை தீர்ந்த பிறகும் அவை பல வருடம் உங்கள் தொட்டியில்தான் இருக்கும். நத்தைக்காக மட்டும் லோச் வாங்குவதை நாங்கள் ஒப்புக்கொள்வதில்லை. நத்தை பெருகுவது மீந்த உணவால். இரண்டு நிமிடத்தில் தீரும் அளவே போடுங்கள். இரவில் ஒரு துண்டு வெள்ளரிக்காயை அடியில் போட்டு, காலையில் அதில் மொய்த்திருக்கும் நத்தைகளோடு வெளியே எடுங்கள். மூன்று வாரத்தில் கணிசமாகக் குறையும்.

கோல்டு ஃபிஷ் தொட்டியில் க்ளவுன் லோச் விடலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

கூடாது. கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன். லோச்சுக்கு 26 முதல் 29 டிகிரி வேண்டும். கோல்டு ஃபிஷ் போடும் கழிவில் ஏறும் நைட்ரேட்டை லோச் தாங்காது.

புதிதாக டைகர் பார்ப் விட்ட ஒரு வாரத்தில் லோச் உடம்பில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். பார்புக்கு ஒன்றுமில்லை. ஏன்?
– வாசகர், சேலம்

லோச்சின் செதில்கள் மிக நுண்ணியவை. வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணி தொட்டிக்குள் வந்தால் முதலில் அகப்படுவது லோச். மருந்து முதலில் பாதிப்பதும் அதைத்தான். மாலகைட் க்ரீன் கலந்த மருந்து என்றால் புட்டியில் எழுதியதில் பாதி அளவு போதும். தாமிரம் கலந்த மருந்தைத் தொடவே வேண்டாம். ஃபில்டரில் கரி இருந்தால் மருந்தை உறிஞ்சிவிடும், எடுத்துவிடுங்கள். ஹீட்டர் வைத்து ஒரே நாளில் ஏற்றாமல், படிப்படியாக 30 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், ஆகவே காற்றுக் குமிழ் விடும் ஏர் ஸ்டோன் கூடுதலாக ஓடவேண்டும். புள்ளிகள் மறைந்ததும் நிறுத்திவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. மீனின் தோலுக்குள் இருக்கும் ஒட்டுண்ணியை மருந்து தொடாது. அது உதிர்ந்து, பெருகி, குஞ்சுகள் தண்ணீரில் நீந்தும்போதுதான் சாகும். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் மூன்று நான்கு நாள் தொடருங்கள். இனி எந்தப் புது மீனையும் தனித்தொட்டியில் நான்கு வாரம் வைத்துவிட்டே சேருங்கள்.

அயிரை மீனும் லோச் வகைதான் என்கிறார்களே? சந்தையில் உயிரோடு வாங்கித் தொட்டியில் விடலாமா, கூட எதை வளர்க்கலாம்?
– வாசகர், மதுரை

ஆமாம், நம் அயிரை அசல் லோச். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மணற்பாங்கான நீரில் வாழ்கிறது. சமைக்கும் முன் அயிரையைப் பாலில் விட்டு மண்ணைக் கக்க வைப்பார்கள் அல்லவா? மணலை வாயில் அள்ளி, தின்னக்கூடியதைச் சலித்தெடுக்கும் பழக்கம் அதற்கு உண்டு. அதனால் தொட்டியிலும் ஆற்று மணல்தான் தரை. சலித்து, தண்ணீர் தெளியும்வரை கழுவிப் போடுங்கள். சந்தைக் கூடையில் நெருக்கடிபட்டு வந்த மீன் என்பதால், துடிப்பாக நீந்துவதாக ஒரு பத்துப் பொறுக்கி, தனித்தொட்டியில் ஒரு மாதம் வையுங்கள். தின்றும் வயிறு ஒட்டி, முதுகு கத்தி மாதிரி கூர்ந்துகொண்டே போனால் குடலில் புழு இருக்கிறது என்று பொருள். அதை மற்றவற்றோடு சேர்க்காதீர்கள்.

கூட்டாளியாக ஜீப்ரா டேனியோ, ரோஸி பார்ப், செர்ரி பார்ப் மூன்றும் பொருந்தும்; நம் தண்ணீரின் சூட்டையும் தாங்கும். ஒரே சிக்கல் சாப்பாடு. டேனியோ மின்னல் வேகத்தில் எல்லாவற்றையும் மேலேயே முடித்துவிடும், அயிரை மெல்ல மெல்ல இளைக்கும். தொட்டியின் ஒரு முனையில் மிதக்கும் உணவைப் போட்டு அவற்றை அங்கே இழுத்துவிட்டு, விளக்கை அணைத்து அரைமணி கழித்து மறுமுனையில் அடியில் அமிழும் பெல்லட்டைப் போடுங்கள். காலையில் மீந்து கிடந்தால் அடுத்த நாள் அளவைக் குறையுங்கள்.